ரோமாபுரியில் கூத்தன் மோகமும் கொண்டவன் பொறாமையும்

கி.பி. 2-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், மார்க்கஸ் அரேலியஸ் சக்ரவர்த்தி ரோமாபுரியை ஆண்டு வந்த நாளில், ஜஸ்டஸ் என்பாரின் மனைவி இரவில் உறக்கமின்றிப் புரண்டு வருந்துகிறாள் என்று கேலன் என்னும் வைத்தியர் அழைக்கப்பட்டார். கேலன் சாதாரண வைத்தியர் அல்லர். ஆசியா மைனரில் பெர்கமம் என்னும் ஊரிற் பிறந்து 162-ம் ஆண்டில் ரோமாபுரிக்கு வந்தவர். அவர் எழுதிய நூல்களை ஐரோப்பிய வைத்தியரும் அராபிய வைத்தியரும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்குக் குறையாமல் பிரமாணமாகக் கொண்டிருந்தனர். நோயின் போக்கை முன்கூட்டியே அறிவது எங்ஙனம் என்று தாம் எழுதிய நூலொன்றில் இப்பெண்மணியின் கதையை அவரே விவரித்திருக்கிறார்.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. உறக்கம் கெட்டதற்குக் காரணம் யாதெனக் கேட்ட கேள்விகளுக்கு அவள் அரைகுறையாக விடை கூறினாள். பின்னர் அதுவும் இன்றி, முகத்தை மறுபுறம் திருப்பி, போர்வையால் உடல் முழுதும் மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். ஒன்று, உடலில் கரும்பித்தம் மிகுந்து மனச்சோர்வு உண்டாகி இருக்கவேண்டும். அன்றேல், வெளியிற் சொல்ல இயலாத கவலை ஏதேனும் இருக்கவேண்டும் என்று கேலன் எண்ணினார். மறுநாட்களிற் சென்றபொழுது, அம்மாள் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று பணிப்பெண் திருப்பியனுப்பிவிட்டாள். பிறகொரு நாள் அவர் நோயாளியின் அருகில் இருந்த சமயம், நாடகசாலையிலிருந்து வந்த ஒருவர், பிலாடிஸ் ஆடியதைப் பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்பொழுது அவள் முகத்தின் நிறம் மாறிற்று, பார்வை மாறிற்று. கேலன் உடனே மணிக்கட்டைப் பற்றி நாடியைப் பார்த்தார். நாடி ஒழுங்கு தவறித் துடித்துக் கொண்டிருந்தது.

ஒரு தடவை கண்டதை வைத்து முடிவு கட்டுபவர் அல்லர் அவர். மறுநாள் தம் மாணாக்கருள் ஒருவனை, மார்பஸ் என்னும் வேறொரு கூத்தன் ஆடுவதாக வந்து சொல்லும்படி ஏவினார். நாடி அசையவில்லை. மூன்றாம் நாள் மற்றொரு கூத்தனின் பெயரைச் சொல்லச் செய்தார். அப்பொழுதும் அசையவில்லை. நான்காம் முறை பிலாடிஸ் ஆடுகிறான் என்று செய்தி வந்ததும் நாடி மீண்டும் தடுமாறிற்று. இவளுடைய நோய் பிலாடிஸ் என்று கேலன் தெளிந்தார்.

காதலுக்கென்று தனியே ஒரு நாடி உண்டு என்று சில வைத்தியர் கூறியதைக் கேலன் இந்த இடத்தில் நகையாடுகிறார். மனம் எதனாற் கலங்கினாலும் நாடி கலங்கும். எதனாற் கலங்கிற்று என்பதை மதியால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் ஊர்களில் மங்கையொருத்தி உறங்காமல் முனகினால் பேயென்றும் பிசாசென்றும் வேப்பிலை தேடிய காலம் நெடிது இருந்தது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகட்கு முன் ஒரு வைத்தியர் நான்கு நாள் பொறுமையோடு சோதித்து உண்மை கண்டார் என்பதை நினைக்க வியப்பு மேலிடுகிறது.

ஆனால் நோயின் பெயரைக் கண்டதோடு கேலனின் கதை நின்றுவிடுகிறது. ஜஸ்டஸிடம் அவர் என்ன சொன்னார், ஜஸ்டஸ் கேட்டு என்ன செய்தார் என்பது நூலில் இல்லை. தன் மனைவி தன் வீட்டில், தன் படுக்கையில், என்றும் தன்னோடு பேசியிராத ஒரு கூத்தனை நினைந்து உறங்காதிருக்கிறாள் என்று அறிந்த கணவனின் மனம் எப்படியிருந்திருக்கும்? ஜஸ்டஸைப் பற்றி நாம் அறிவதற்கு வழியில்லை. மற்றக் கணவர் சிலரைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் சக்ரவர்த்திகள்.

முதலில் அக்கூத்து யாது என்று சொல்லவேண்டும். ரோமாபுரியில் கி.மு. 22-ம் ஆண்டில், அகஸ்டஸ் சக்ரவர்த்தியின் காலத்தில், சிலீசியா நாட்டுப் பிலாடிஸும் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பாதில்லஸும் ஒரு புதிய கூத்தை நடத்திக் காட்டினர். மேடையில் ஆடுபவன் ஒருவனே. அவன் வாய் திறவான். அவன் அணியும் முகமூடிக்கும் வாய் மூடியே இருக்கும். பின்னணியில் ஒரு கூட்டத்தார் பாட, குழல் ஒலிக்க, காலடியிற் கட்டிய தாளக் கருவியை மிதித்து ஒருவன் தாளம் போட, இவன் பட்டாடை உடுத்துப் பழங்கதை முழுவதையும் கையாலும் உடலாலும் நடித்துக் காட்டுவான். அரசனும் அவனே, அரசியும் அவனே. கொன்றவனும் அவனே, செத்தவனும் அவனே. முகமூடியை மாற்றினால் ஆள் மாறிவிடும். நம்முடைய கூத்திலும் நாட்டியத்திலும் அபிநயம் பிடித்தலைக் கண்டவர்க்கு இதனை விளங்கிக் கொள்ளுதல் எளிது. முகபாவம் காட்ட இயலாமல், உடலையும் விரலையும் மட்டும் கொண்டு ஆயிரக்கணக்கானோரை அழவைப்பது எத்துணை அரிய தொழில் என்பதும் அவர்களுக்கே விளங்கும்.

லூசியன் என்னும் கிரேக்க ஆசிரியர் இக்கூத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். கூத்தில் ஒன்றுமில்லை, பாட்டும் குழலும் பட்டாடையுந்தான் மக்களை மயக்குகின்றன என்று டெமெட்ரியஸ் என்னும் துறவி இகழ்ந்தாராம். நீரோ மன்னன் காலத்துக் கூத்தன் ஒருவன், அப்படியாயின் பாட்டையும் குழலையும் நிறுத்திவிட்டு ஆடுகிறேன், பாரும் என்று சொல்லி, காதற் தேவதை தன் கணவனை வஞ்சித்ததையும், கணவன் வலைவீசி இருவரையும் பிடித்ததையும், மற்றைத் தேவர்கள் கூடிநின்று பார்த்ததையும் தனியொருவனாக ஆடிக் காட்டினான். உன் கைகளே பேசுகின்றன என்று அத்துறவி உரக்கக் கூவினாராம். பாண்டஸ் நாட்டிலிருந்து வந்திருந்த அரசகுமாரன் ஒருவன், விடைபெறும் வேளையில் நீரோவிடம் அந்தக் கூத்தனையே பரிசிலாகக் கேட்டானென்றும், என் நாட்டைச் சுற்றிலும் மொழி தெரியாத மக்கள் வாழ்கிறார்கள், இவன் இருந்தால் துபாஷி வேண்டியதில்லை என்று காரணம் சொன்னானென்றும் அதே நூலிற் காண்கிறோம்.

இத்தகைய ஆட்டத்தைக் கண்ட ஊர் இரண்டுபட்டது. பிலாடிஸ் கட்சி, பாதில்லஸ் கட்சி என்று பிரிந்து மக்கள் அடிதடியில் இறங்கினர். பிலாடிஸை ஊரைவிட்டு ஓட்டிய அகஸ்டஸ், பிறகு கி.மு. 18-ம் ஆண்டில் திரும்பி வர அனுமதித்தார். சக்ரவர்த்தி கடிந்துகொண்ட காலத்தில், மக்கள் எங்களைப் பற்றியே பேசிப் பொழுது போக்குவது உமக்கு நன்மைதானே என்று அக்கூத்தன் விடையிறுத்ததாக டயோ என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். கூத்தன் அரசியலும் அறிந்தவன்!

மக்கள் இவ்வாறு தலைமேல் வைத்துக் கொண்டாடிய கூத்தனுக்கு ரோமாபுரிச் சட்டம் அளித்த இடம் எது? இழிந்தோர் வரிசை. கூத்தரிற் பெரும்பாலார் அடிமைகளாகவோ அடிமைநிலையினின்று விடுபட்டவராகவோ இருந்தனர். மேடையேறிப் பிழைப்பவனுக்குக் குடிமகனுக்குரிய மானம் இல்லையென்பது சட்டம். உயர்குடிப் பெண்கள் கூத்தனை மணக்கலாகாது. கி.மு. 18-ம் ஆண்டில் அகஸ்டஸ் இயற்றிய சட்டமொன்று இதற்கும் மேலே சென்றது. தன் மனைவியோடு பிறன் ஒருவனைத் தன் வீட்டிற் கையுங்களவுமாகக் கண்ட கணவன், அப்பிறன் கனவானாயிருந்தால் கொல்லக்கூடாது. அடிமை, கூட்டிக்கொடுப்பவன், கூத்தாடி, மேடைப் பாடகன் இவருள் ஒருவனாயிருந்தால் கொல்லலாம்! மனைவியைக் கொல்லும் உரிமை கணவனுக்கு இல்லை. ஆனால் அவளைத் தள்ளி வைத்தே ஆகவேண்டும். தள்ளாமல் மன்னித்து வைத்துக்கொண்டால், மனைவியை விற்றுப் பிழைத்தான் என்ற குற்றம் அவனைச் சாரும். மன்னிப்பவனைத் தண்டிக்கும் சட்டம் இது. குற்றவாளியென்று தீர்ந்த பெண் தன் சீதனத்திற் பாதியையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்து ஏதேனும் ஒரு தீவுக்கு நாடு கடத்தப்படுவாள்.

கணவன் கூத்தி வீட்டிற்குச் சென்றால் மனைவிக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டோ எனின், இல்லை. இச்சட்டத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே மார்க் ஆண்டனி இதற்கு இலக்கணம் வகுத்துவிட்டான். சைத்தெரிஸ் என்னும் நாடகக்காரியைப் பல்லக்கிலேற்றி, தன் தாயின் பரிவாரத்திற்குச் சற்றும் குறையாத பரிவாரத்தோடு ஊர் ஊராக அழைத்துச் சென்றவன் அவன். அதே மனிதன், தன் மனைவி அண்டோனியா டொலபெல்லா என்பவனோடு உறவுகொண்டாள் என்று ஐயுற்று, கி.மு. 47-ம் ஆண்டில் அவளை வீட்டைவிட்டுத் துரத்தினான். சைத்தெரிஸின் பல்லக்கைக் கண்டு அண்டோனியா அடைந்த பொறாமையை ஒருவரும் எழுதவில்லை. ஆண்டனியின் பொறாமை மட்டும் ஏடேறியிருக்கிறது. இனி நாம் சொல்லப்போகும் கதைகளும் அத்தகையனவே. எழுதியவர் யாவரும் ஆடவர்.

அகஸ்டஸ் பெண்களை வாட்போர்க் காட்சிகளில் எல்லாருக்கும் பின்னே, மேல் வரிசையில் அமரச் செய்தார். தொலைவில் இருத்தினால் ஆசை குறையும் என்று எண்ணினார் போலும். ஸ்டெபானியோ என்ற நாடகக்காரனுக்கு, நல்ல குடும்பத்து மணமான மாதொருத்தி சிறுவனைப் போல் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு பணிவிடை செய்துவந்த செய்தி அவர் செவிக்கு எட்டியது. நாடகக்காரனை நகரத்தின் மூன்று நாடகசாலைகளிலும் பிரம்பால் அடித்து நாடு கடத்தினார். அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் காலத்தில், 15-ம் ஆண்டில், செனட் சபையார் ஒரு தீர்மானம் செய்தனர். செனட் அங்கத்தினர் கூத்தர் வீடுகளுக்குப் போகலாகாது; கூத்தர் தெருவிற் செல்லுகையில் பிரபுக்கள் புடைசூழ்ந்து போகலாகாது! இத்தீர்மானத்தைப் படிப்பவர், கூத்தன் மீது மோகம் பெண்களுக்கு மட்டும் உரியதென்று இனிச் சொல்லமாட்டார். 23-ம் ஆண்டில் டைபீரியஸ் அவர்களை நாட்டைவிட்டே ஓட்டினார். கலகம் விளைக்கிறார்கள், பெண்களைக் கெடுக்கிறார்கள் என்பன காரணம். அடுத்த சக்ரவர்த்தி பட்டமேறியதும் அவர்கள் திரும்பி வந்துவிட்டனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டியிருக்கிறது. ரோமாபுரி மனைவியரின் கூத்தன் மோகத்தையும் மல்லன் மோகத்தையும் ஜுவெனால் என்னும் கவிஞர் வசைகவியாகப் பாடியிருக்கிறார். பலர் அதனைச் சாட்சியாகவே கொண்டுவிட்டனர். வசைகவி நீதிமன்றத்துச் சாட்சியாகாது. 79-ம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பாம்பி நகரத்தில், செலாடஸ் என்னும் வாள்வீரனை எண்ணிப் பெண்கள் பெருமூச்செறிந்ததாகச் சுவரிற் கிறுக்கியிருக்கிறது. உண்மையாயிருக்கலாம், அன்றி அவனே கிறுக்கிக் கொண்டதாகவும் இருக்கலாம். அதே நகரில் வாள்வீரர் குடியிருப்பில் விலையுயர்ந்த நகையணிந்த பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. உடனே, செல்வச் சீமாட்டி கள்ளத்தனமாகக் காதலனைக் காண வந்தபோது சாம்பல் மூடிவிட்டது என்று கதை கட்டினர். அதே இடத்தில் வேறு பலரும் நெருக்கமாக மாண்டு கிடந்ததை அக்கதைக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை. சாம்பல் மழைக்கு அஞ்சி, கிடைத்த நகையை அள்ளிக்கொண்டு கூரை கண்ட இடத்தில் ஒதுங்கிய அபலை அவள் என்பதே ஆராய்ச்சியாளர் கொள்கை. மாண்டு பதினெட்டு நூற்றாண்டு கழிந்த பின்னும் ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்த ஆள் இருக்கிறது.

மார்க்கஸ் அரேலியஸின் மனைவி பாஸ்டினாவின் கதையும் இப்படிப்பட்டதே. தெருவிற் சென்ற வாள்வீரன் ஒருவனைக் கண்டு அவள் மோகித்து நோயுற்றாள். கணவனிடமே உண்மையைச் சொன்னாள். சோதிடர் சொற்படி அவ்வீரனைக் கொன்று அவன் இரத்தத்தில் அவளைக் குளிப்பாட்டினர். பின்பு பிறந்த மகன் கொம்மோடஸ் அதனாலேயே வாட்போர்ப் பித்தனானான் என்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த ஒரு நூல் கூறுகிறது. மகன் கொடியவனானதற்குத் தாயைப் பழிகூறும் பாட்டிக் கதை. அவ்வறிஞர் தம் கைப்பட எழுதிய சிந்தனை நூலில், பணிவும் அன்பும் எளிமையும் வாய்ந்த மனைவி கிடைத்ததற்குத் தெய்வங்களுக்கு நன்றி செலுத்துகிறார். எதனை நம்புவது என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கிளாடியஸ் சக்ரவர்த்தியின் கதை சிரிப்புக்கும் இரக்கத்துக்கும் நடுவில் நிற்பது. அவர் மனைவி மெஸ்ஸலினா ம்னெஸ்டர் என்னும் கூத்தன் மேல் ஆசைகொண்டாள். அவனோ முந்திய சக்ரவர்த்தி காலிகுலாவின் செல்லப்பிள்ளை. அவன் ஆடும்போது யாரேனும் சிறிது ஓசை செய்தால் காலிகுலா தம் கையாலேயே சாட்டையடி கொடுப்பாராம். காலிகுலா கொலையுண்ட பின் அவருடைய செப்பு நாணயங்களை உருக்கிவிடும்படி 43-ம் ஆண்டில் செனட் தீர்மானித்தது. உருக்கிய செம்பைக்கொண்டு மெஸ்ஸலினா ம்னெஸ்டருக்குச் சிலைகள் வார்த்தாள். ஆயினும் கூத்தன் இணங்கவில்லை. ஆசை காட்டியும் அச்சம் காட்டியும் பயனில்லை. இறுதியில் அவள் கணவனிடமே சென்று, இந்தக் கூத்தன் என் சொற்படி நடக்கமாட்டேன் என்கிறான், நீர் கட்டளையிடவேண்டும் என்று கேட்டாள். கிளாடியஸ் வேறு ஏதோ காரியமென்றெண்ணி, அரசியார் சொல்வது எதுவாயினும் செய்க என்று அவனுக்கு ஆணையிட்டுவிட்டார். ம்னெஸ்டர் மேடைக்கு வருவது நின்றது. கூத்தன் எங்கே என்று மக்கள் கூச்சலிட்டபோது, என் அரண்மனையில் இல்லை என்று சக்ரவர்த்தி சத்தியம் செய்தார். அவர் சொன்னது மெய் என்றே அவர் நம்பினார். அவர் அறியார் என்பதை ஊர் அறியும்.

48-ம் ஆண்டில் மெஸ்ஸலினா சிலியஸ் என்னும் பிரபுவோடு பகிரங்கமாகத் திருமணமே நடத்திக்கொண்டபோதுதான் கணவன் கண் திறந்தது. அவளும், அவளுடன் பழகியவர் பலரும் கொலையுண்டனர். ம்னெஸ்டர் தன் ஆடையைக் கிழித்துச் சாட்டைத் தழும்புகளைக் காட்டி, நீர் இட்ட ஆணையால் அல்லவோ இவளுக்கு அடங்கினேன், மற்றவர் பொருளாசையாற் குற்றம் செய்தனர், நான் வேறு வழியின்றிச் செய்தேன் என்று கதறினான். கிளாடியஸின் மனம் இளகிற்று. அருகிலிருந்த அதிகாரிகள், இத்துணைப் பிரபுக்களைக் கொன்றபின் ஒரு கூத்தாடிக்காகத் தயங்குவதா, அவன் விரும்பிச் செய்தானா கட்டாயத்தாற் செய்தானா என்று ஆராய்வானேன் என்று தூண்டினர். அவனும் கொல்லப்பட்டான். அடிமைநிலைக்கு அணித்தாயிருந்த ஒரு கலைஞனுக்கு அரசியின் ஆசையும் ஆபத்து, அரசனின் பொறாமையும் ஆபத்து. ஒன்றுக்கு இணங்க மறுப்பது மற்றோர் ஆபத்து.

இனி டொமிஷியனிடம் வருவோம். இவர் 81-ம் ஆண்டு முதல் 96-ம் ஆண்டு வரை ஆண்டவர். தமிழருக்கு இவர் முற்றும் அந்நியர் அல்லர். சேரநாட்டுக் கடற்கரையில் யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட காலம் அது. அம்மிளகைச் சேமித்து விற்பதற்கென்றே ரோமாபுரியின் புனித வீதியருகில் டொமிஷியன் பெரும் பண்டசாலை கட்டினார். அதற்கு மிளகுக் கிடங்கு என்றே பெயர். நம் கேலனும் தம் நூல்களையும் மருந்துகளையும் அவ்வீதியிலிருந்த கிடங்கொன்றில்தான் வைத்திருந்து, 192-ம் ஆண்டுத் தீயில் இழந்தார்.

டொமிஷியன் மணந்த விதமே விந்தை. அவர் மனைவி டொமிஷியா லாங்கினா, நீரோவின் கட்டளையால் உயிர் நீத்த கோர்புலோ என்னும் பெரும் படைத்தலைவரின் மகள். லாமியா என்பவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். 70-ம் ஆண்டில், தந்தை வெஸ்பேசியன் சக்ரவர்த்தியாக ஆனதும், இருபது வயதும் நிரம்பாத டொமிஷியன் அவளைக் கணவனிடமிருந்து பிரித்துத் தம்மவள் ஆக்கிக்கொண்டார். லாமியா எதிர்த்துப் போராடவில்லை. கேலி பேசியே ஆற்றிக்கொண்டார். மறுமணம் செய்துகொள்ளும்படி டொமிஷியனின் தமையன் டைட்டஸ் யோசனை கூறியபோது, உங்களுக்கும் ஒரு மனைவி தேவைப்படுகிறதா என்று கேட்டாராம். பிறன் மனையாளைப் பறித்த டொமிஷியன் இந்தக் கேலியைப் பல ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து, பட்டமேறிய பின் லாமியாவைக் கொன்றார்.

இத்தகைய மனிதரின் மனைவி ஒரு கூத்தன் மேல் மனம் வைத்தாள். அவன் எகிப்து தேசத்தான், பெயர் பாரிஸ். மெனலாஸ் மன்னனின் மனைவி ஹெலனைக் கவர்ந்து சென்று டிராய் நகரத்தை அழிவிற்குள்ளாக்கிய இளவரசனின் பெயரை ஒரு கூத்தன் மேடைப்பெயராகப் பூண்டிருந்தான். நீரோவின் காலத்திலும் இதே பெயரில் ஒரு கூத்தன் இருந்து கொலையுண்டிருக்கிறான். இந்தப் பாரிஸ் பெருஞ்செல்வாக்குடையவன். ஸ்டேஷியஸ் என்னும் பெருங்கவிஞர் தாம் எழுதிய கூத்துப்பாட்டை இவனிடம் விற்றிராவிட்டால் பட்டினி கிடந்திருப்பார் என்று ஜுவெனால் குத்திக் காட்டுகிறார். பிரபுக்கள் தராத பதவிகளைக் கூத்தன் வாங்கித் தருகிறான் என்றும் சொல்கிறார்.

டொமிஷியாவுக்கும் பாரிஸுக்கும் இடையே நடந்தது என்ன? மேடையிற் கண்ட ஒருவன் மேல் எழுந்த மையல் மட்டுமா, அதற்கு மேலும் உண்டா? மையல் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். விபசாரம் என்று டயோ எழுதுகிறார். சூட்டோனியஸ் ஒரு தலைமுறை கழித்தும், டயோ நூறாண்டுக்கு மேல் கழித்தும் எழுதியவர்கள். விபசாரம் நடந்திராது என்று கருதும் அறிஞர் இக்காலத்தில் உளர். நாமும் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. கணவன் செய்ததில் மட்டும் ஐயமில்லை.

83-ம் ஆண்டளவில் பாரிஸ் நடுத்தெருவில் கொல்லப்பட்டான். சட்டப்படி கூத்தனைக் கொல்ல ஓர் இடமுண்டு: கணவனின் வீடு, கையுங்களவுமாக. தெரு அன்று. மனைவியையும் கொல்லவேண்டுமென்றே சக்ரவர்த்தி எண்ணியிருந்தார். உர்சஸ் என்னும் அமைச்சர் இடித்துரைத்துத் தடுத்ததால் அவளைத் தள்ளி வைத்ததோடு நிறுத்தினார். பாரிஸ் விழுந்த இடத்தில் மக்கள் மலர் தூவியும் வாசனைத் தைலம் ஊற்றியும் துக்கம் கொண்டாடினர். அவர்களையும் கொல்லும்படி டொமிஷியன் ஆணையிட்டார். அப்பாலும் மனம் ஆறவில்லை. பாரிஸுக்கு ஒரு மாணாக்கன் இருந்தான்; வயது நிரம்பாத சிறுவன்; அச்சமயம் நோயாய்ப் படுத்திருந்தான். முகத்திலும் ஆட்டத்திலும் ஆசானை ஒத்திருந்தான் என்னும் ஒரே காரணத்தால் அச்சிறுவனும் கொலையுண்டான். கூத்தர் பொதுமேடையில் ஆடலாகாது, வீடுகளில் மட்டும் ஆடலாம் என்றும் உத்தரவு பிறந்தது. செனட் அங்கத்தினர் ஒருவருக்கு நடிப்பிலும் ஆட்டத்திலும் பற்று மிகுதி என்று அவரைச் சபையினின்றும் நீக்கினார்.

பொறாமையின் இயல்பு இங்கே நன்கு புலப்படுகிறது. எதிரி இறந்தான், ஆனால் அவன் முகத்தை ஒத்த முகம் இருக்கிறது. அதுவும் ஒழிந்தது, ஆனால் மலர் வைப்பவர் இருக்கிறார்கள். அவரும் ஒழிந்தால், ஆட்டம் இருக்கிறது. உலகையே ஆண்ட ஒருவருக்கு ஒரு பெண்ணின் நினைவிலிருந்து ஒரு கூத்தனை அகற்றும் வழி தெரியவில்லை.

அவருடைய நடத்தையோ? டொமிஷியாவைத் தள்ளி வைத்த காலத்தில் தம் தமையனின் மகள் ஜூலியாவோடு மறைவின்றி வாழ்ந்துவந்தார். சிறிது காலத்தில் டொமிஷியாவையும் திரும்ப அழைத்துக்கொண்டார். பிரிவைப் பொறுக்க இயலாமையை வெளியிற் சொல்ல வெட்கமுற்று, மக்கள் வேண்டிக்கொண்டதனால் அழைத்தேன் என்று சொல்லிக்கொண்டார். தெய்வங்களின் பள்ளிக்கு உரிய சொல்லால் தம் படுக்கையைக் குறிப்பிட்டு, அதற்கு அவளை மீட்டும் அழைப்பதாகப் பறைசாற்றினார் என்பது சூட்டோனியஸ் கூற்று. 85-ம் ஆண்டில் மக்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரத்தை ஆயுள் முழுவதற்கும் தாமே ஏற்றுக்கொண்டு, அகஸ்டஸின் விபசாரச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். பிரபு ஒருவர், விபசாரக் குற்றம் சாட்டித் தள்ளி வைத்த மனைவியை மன்னித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். நீதிபதிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரை டொமிஷியன் அடித்துவிட்டார். தாம் செய்ததும் அதுவே என்று சொல்வதற்கு நாவெடுத்தவர் இலர்.

நாவெடுத்ததாக ஐயுறப்பட்டவர் ஒருவர் உண்டு. ஹெல்விடியஸ் என்பவர் டிராய் இளவரசன் பாரிஸும் அவன் முதல் மனைவி ஈனோனியும் பிரிந்த கதையை நாடகமாக எழுதினார். கதை பழையது, ஆனால் பெயர் பாரிஸ் ஆயிற்றே! தம் மணமுறிவைத்தான் கேலி செய்கிறார் என்று கொண்டு 93-ம் ஆண்டில் அவரைக் கொன்றனர். அப்பொழுது கூத்தன் பாரிஸ் மண்ணாகிப் பத்தாண்டு ஆகியிருந்தது. மார்ஷல் என்னும் கவிஞர் பாரிஸுக்குப் பாடிய கல்லறைக் கவி, டொமிஷியன் இறந்தபிறகுதான் வெளிப்பட்டது. பிளமீனியப் பெருவழியிலிருந்த அச்சமாதியைக் கடந்து செல்வோர் அதற்கு முன்னர் நின்று பார்க்கவும் அஞ்சியிருப்பர்.

96-ம் ஆண்டு செப்டம்பர் 18-ம் நாள் அரண்மனையிலேயே, வீட்டுப் பணியாளர் கைகளால், டொமிஷியன் குத்துண்டு இறந்தார். டொமிஷியாவும் சதியை அறிந்திருந்தாள் என்று எழுதியிருக்கின்றனர். அவர் உடலைக் கேட்பாரில்லை. பிள்ளையில் பாலூட்டி வளர்த்த பில்லிஸ் என்னும் செவிலித்தாய் அதனைத் தன் தோட்டத்தில் எரியூட்டி, சாம்பலை மறைவாகக் கொண்டுசென்று ஜூலியாவின் சாம்பலோடு கலந்து வைத்தாள். அவர் பெயரைக் கல்வெட்டுகளினின்றும் செதுக்கி எறியவும், சிலைகளை உடைக்கவும் செனட் சபையார் ஆணையிட்டனர்.

டொமிஷியா அதன் பின்னும் முப்பது ஆண்டுக்குக் குறையாமல் வாழ்ந்திருந்தாள். செல்வத்திற்குக் குறைவில்லை, ரோமாபுரியருகே அவளுக்குச் செங்கற் சூளைகள் இருந்தன. 140-ம் ஆண்டில் அவள் நினைவுக்காக, அவளால் விடுதலை பெற்ற அடிமைகள் காபி என்னும் ஊரில் ஒரு கோயில் எடுத்தனர். தந்தை பெயரை முன்னிட்டு அவள் தன்னைக் கோர்புலோவின் மகள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கோர்புலோவைப் போற்றாதவர் இல்லை. லாமியாவின் பெயரையோ, பாரிஸின் பெயரையோ இப்பொழுது வாய்விட்டுச் சொல்வதற்கும் தடை இல்லை. ஆனால் அச்சூளைகளிற் சுட்ட செங்கற்கள் அகப்பட்டிருக்கின்றன. டொமிஷியன் மாண்டு இருபத்தைந்து ஆண்டுக்கு மேலான பின்பு, அவர் பெயர் நாடெங்கும் அழிக்கப்பட்டிருந்த காலத்தில், 123-ம் ஆண்டினவாகிய அச்செங்கற்களில், டொமிஷியனின் மனைவி டொமிஷியா என்றே முத்திரை பதித்திருக்கிறது.